ருக்கோ, நிறுத்து, அண்ணே: நம் கரையில் நேவிப் பேச்சு

ராமேஸ்வரம் ஜெட்டியில் ‘நேவி புடிச்சிட்டான்’ என்று ஒருவர் சொன்னால் எந்த நேவி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது இலங்கைக் கடற்படை. பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளிக்கு வந்தால் அதே நேவி, இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து முகாம் ஆகிவிடுகிறது. கீழக்கரையில் ‘பையன் நேவியில இருக்கான்’ என்றால் பெரும்பாலும் சரக்குக் கப்பலில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான் என்று அர்த்தம். மண்டபத்துக் கோஸ்ட் கார்டையும் சிலர் நேவி என்கிறார்கள், மரைன் போலீஸையும் அப்படியே. இத்தனை பேர் நடத்தையும் ஒரே பெயரில் எழுதப்படுவதால், ஒருவன் அடித்த அடிக்கு இன்னொருவன் மேல் பழி விழுகிறது. ஒருவன் செய்த உதவி இன்னொருவன் கணக்கில் சேருகிறது. 2022 மார்ச்சில் இலங்கை நெருக்கடியில் தப்பி வந்து தனுஷ்கோடி அருகே மணல்திட்டில் குழந்தைகளோடு தவித்த குடும்பத்தை ஹோவர்கிராஃப்டில் போய் மீட்டது கோஸ்ட் கார்டு. அதையும் ‘நேவி காப்பாத்துச்சு’ என்றுதான் பலர் சொன்னார்கள்.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். இந்தியக் கடற்படைக் கப்பல் சாம்பல் நிறம். கோஸ்ட் கார்டு கப்பல் வெள்ளை உடல், முன்பக்கம் சாய்வாக அகன்ற ஆரஞ்சுப் பட்டை. அவர்களுடைய சிறிய விரைவுப் படகுகளில் ‘சி’ என்ற எழுத்தும் எண்ணும் இருக்கும். இலங்கைக் கடற்படையின் டோரா என்ற விரைவுப் படகும் சாம்பல் நிறம்தான், அதில் ‘பி’ எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். இரண்டு நாட்டு வீரர்களின் வேலை உடுப்பும் நீலப் புள்ளி போட்ட உடுப்பு. அந்தி வெளிச்சத்தில், அதுவும் எல்லைக்கோட்டுப் பக்கம், அனுபவசாலிக்கே தடுமாறும். கொடியைப் பார்ப்பது நல்லது. 2022 செப்டம்பர் 2 முதல் இந்தியக் கடற்படைக் கொடியில் பழைய சிவப்புச் சிலுவை கிடையாது. வெள்ளைத் துணி, மேல் மூலையில் மூவர்ணம், பக்கத்தில் நங்கூரம் பொறித்த எண்கோண நீலக் கேடயம். கோஸ்ட் கார்டு கொடி நீலம். எதிரே வருவது யார் என்று தெரியாமல் பயந்து ஓடுவதில்தான் பாதி வம்பு தொடங்குகிறது.

படைப்பேச்சு காதுக்கு ஏன் அதட்டலாக விழுகிறது என்பதற்கு வருவோம். கப்பலில் கட்டளை எப்போதும் குறுக்கிச் சொல்லப்படும், சத்தமாகச் சொல்லப்படும், கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சுக்கான் பிடிப்பவனிடம் அதிகாரி ‘ஸ்டார்போர்டு டென்’ என்றால் அவன் ‘ஸ்டார்போர்டு டென், சார்’ என்று ஒப்பித்துவிட்டுத்தான் திருப்புவான். திருப்பியதும் பத்து டிகிரி வலது சுக்கான் போட்டாயிற்று என்று மறுபடி அறிவிப்பான். ‘ஐ ஐ சார்’ என்பது வெறும் சரி இல்லை: கட்டளை புரிந்தது, செய்யப்போகிறேன் என்று பொருள். கேள்விக்குப் பதிலாக மட்டும்தான் ‘யெஸ் சார்’. இதில் ‘தயவுசெய்து’ நுழைந்தால் நேரம் போகும், காற்றிலும் இஞ்சின் சத்தத்திலும் சொல்லே தொலையும். நம் விசைப்படகிலும் இதுதானே நடக்கிறது? மடியை, அதாவது இழுவை வலையை, ஏற்றும்போது வின்ச் பக்கம் நிற்பவனை டிரைவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று கடலுக்குப் போகாத ஆள் கேட்டால் முகம் சுளிப்பார். கரைக்கு வந்ததும் அதே இருவரும் ஒரே பெஞ்சில் டீ குடிப்பார்கள். கடல் வேலைக்கு என்று ஒரு குரல் உண்டு. அது தெரிந்தவனுக்கு அதில் அவமானம் கிடையாது.

கப்பலின் பேச்சைத் தரைக்கும் கொண்டுவருவது கடற்படையின் பழக்கம். உச்சிப்புளியில் இருப்பது விமான ஓடுதளமும் கட்டடங்களும்தான், ஆனால் சட்டப்படியும் பேச்சுப்படியும் ‘பருந்து’ ஒரு கப்பல். முன்னால் உள்ள ஐஎன்எஸ் (இந்தியன் நேவல் ஷிப்) என்ற மூன்றெழுத்து அதைத்தான் சொல்கிறது. 2009 மார்ச்சில் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. ஆகவே கேட்டை விட்டுப் பஸ் ஏற வெளியே வருகிறவன் ‘அஷோர்’ போகிறான், அதாவது கரைக்குப் போகிறான். தரை ‘டெக்’, சமையற்கட்டு ‘கேலி’, கழிப்பறை ‘ஹெட்ஸ்’, குப்பை ‘கேஷ்’, படுக்குமிடம் ‘மெஸ் டெக்’. வேலை தொடங்குவது ‘டர்ன் டூ’, முடிவது ‘செக்யூர்’, நடுவே டீ இடைவேளை ‘ஸ்டேண்ட் ஈஸி’. வெளியே போகக் கிடைக்கும் அனுமதி ‘லிபர்ட்டி’. லீடிங் சீமேனுக்கு நங்கூரச் சின்னம் இருப்பதால் அவர் ‘கில்லிக்’, அதாவது சிறு நங்கூரம். கப்பலின் தளவேலைகளை மேய்க்கும் மூத்தவர் ‘பஃபர்’. தவறு செய்து விசாரணைக்கு நிற்பவன் ‘டிஃபால்ட்டர்’, அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கேப்டன் மேசை முன் நிற்க வேண்டும். பெட்டிக்கடையில் நின்று இரண்டு மாலுமிகள் இப்படிப் பேசிக்கொண்டால் பக்கத்தில் நிற்பவருக்கு ஏதோ மறைத்துப் பேசுகிறார்கள் என்றுதான் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலும் அவர்கள் பேசுவது யாருக்கு மிடில் வாட்ச் விழுந்தது என்பதுதான்.

அந்த வாட்ச் கணக்கையும் தெரிந்துகொள்ளலாம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காவல் மாறும்: இரவு 8 முதல் 12 ஃபர்ஸ்ட், 12 முதல் 4 மிடில், 4 முதல் 8 மார்னிங், பிறகு ஃபோர்நூன், ஆஃப்டர்நூன். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டு இரண்டு மணியாக உடைத்து ‘டாக் வாட்ச்’ என்பார்கள். அப்படி உடைத்தால் ஒரு நாளில் ஏழு முறை மாறும். ஒற்றைப்படை ஆவதால் ஒரே ஆளுக்குத் தினமும் நள்ளிரவுக் காவல் விழாது. பகல் பதினொரு மணிக்குக் கண் சிவந்து, தாடியோடு பஸ் ஸ்டாண்டில் தூங்கும் மாலுமியைப் பார்த்து ‘ராத்திரி முழுக்கக் குடிச்சிருக்கான்’ என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைக்க வேண்டும். தாடியும் அப்படித்தான். தரைப்படையில் தாடி பொதுவாகக் கிடையாது என்பதால் ஒழுங்கில்லாதவன் என்று நினைக்கிறார்கள். கடற்படையில் கேப்டனிடம் அனுமதி வாங்கி வளர்க்கலாம். தாடி மீசை இரண்டும் சேர்ந்து முழுதாக இருக்க வேண்டும், நினைத்தபோது மழிக்கவும் முடியாது. சல்யூட்டில் உள்ளங்கை தெரியாமல் கீழே சாய்ந்திருப்பதையும் அரைகுறை என்று நம் பையன்கள் சொல்வதுண்டு. தாரும் கிரீஸும் படிந்த கையை மேலதிகாரிக்குக் காட்டாதிருக்க வந்த வழக்கம் அது என்பார்கள்.

இனி கடலுக்கு. உண்மையான உரசல் நடப்பது அங்கேதான்.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பின் கடல் பாதுகாப்பு முழுவதற்கும் கடற்படை பொறுப்பு என்று 2009இல் ஆனது. மீன்பிடிப் படகை நிறுத்திச் சோதிப்பது அன்றாட வேலை ஆயிற்று. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று முறை இருப்பதால், அந்த நாட்களில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகும். ரோந்துப் படகு அதில் ஒன்றைத் தேர்ந்து நெருங்குகிறது. என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சைகை. பன்னாட்டுக் கடற்குறிப்பில் ‘எல்’ கொடிக்கு ‘உடனே நிறுத்து’ என்று பொருள்: மஞ்சளும் கறுப்புமாக நான்கு கட்டம். இரவில் அதே எழுத்தை விளக்கிலோ ஹாரனிலோ தருவார்கள்: குட்டை, நெட்டை, குட்டை, குட்டை. இந்த ஒன்றை மட்டுமாவது ஒவ்வொரு டிரைவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். விளக்கு மினுங்குவதை ‘லைட் அடிச்சுப் பாக்குறான்’ என்று விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே போனால், எதிர்ப்பக்கம் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளும். அடுத்தது விஎச்எஃப் என்ற கடல் ரேடியோவில் பொது அழைப்புக்கான சேனல் 16. நம் படகுகளில் பலர் பேச்சுக்கு வேறு சேனலைப் போட்டுவிட்டு 16ஐக் கவனிப்பதில்லை. கூப்பிட்டவனுக்குப் பதில் கிடைக்காது. அதற்கடுத்தது ஒலிபெருக்கி. அதிலிருந்துதான் ‘ருக்கோ’ என்ற இந்திக் கட்டளை வருகிறது.

இப்போது படகில் மடி கடலில் கிடக்கிறது என்று வையுங்கள். இஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் மடியை விரித்துப் பிடித்திருக்கும் பலகைகள் இரண்டும் தரையில் விழும். வயர் தளர்ந்து படகின் பின்னால் தொங்கும், காற்றும் நீரோட்டமும் சேர்ந்தால் புரொப்பெல்லரில் சுற்றும். சுற்றினால் வலையும் போச்சு, அன்றைய தொழிலும் போச்சு, படகை இன்னொரு படகு கட்டி இழுக்க வேண்டும். ஆகவே டிரைவர் இஞ்சினை மெதுவாக்கி முன்னால் நகர்ந்துகொண்டே வின்ச்சைப் போடச் சொல்கிறார். தொழில் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் கோதாவரிக் கரையிலிருந்தோ ஹரியானாவிலிருந்தோ வந்து முதன்முறை இழுவைப் படகைப் பார்க்கும் இளம் மாலுமிக்கு அது தப்பி ஓடுவதாகத் தெரிகிறது. குரல் உயர்கிறது. இந்தப் பக்கம் நான்கு பேர் ஒரே நேரத்தில் தமிழில் பதில் கத்துகிறார்கள். அவனுக்கு அது எதிர்ப்பு, இவர்களுக்கு அது விளக்கம். இரண்டு பக்கமும் இந்த நிமிடத்தில்தான் சூடாகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. ஒருவர் மட்டும் முன்னால் அணியத்தில் வந்து இரு கையையும் தெரியும்படி வைத்து நிற்க வேண்டும். இன்னொருவர் பின்னால் வயரைக் கைகாட்ட வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் அரிவாளோ கம்பியோ இருந்தால் கீழே போட வேண்டும். இரவானால் படகு விளக்குகளை அணைக்கவே கூடாது. எல்லை தாண்டுகிற சிலர் விளக்கை அணைத்து ஓடுவதால், இருட்டில் ஓடும் எந்தப் படகும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. ஒலிபெருக்கியில் வரும் இந்தி ஆறேழு சொற்களுக்கு மேல் போகாது: ருக்கோ, நில். இஞ்சன் பந்த் கரோ, இஞ்சினை நிறுத்து. ஹாத் ஊப்பர், கையைத் தூக்கு. காகஸ் திகாவோ, தாளைக் காட்டு. கித்னே ஆத்மி, எத்தனை பேர். பீச்சே ஜாவோ, பின்னால் போ. பதிலுக்கு ‘ஜால் பானி மே’ என்றால் வலை தண்ணீரில் இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிடும். ஒரு இந்திச் சொல் கற்பதால் தமிழுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கடமை மீனவருக்கு மட்டும் உரியதும் அல்ல. பாக் நீரிணையில் வேலைக்கு வருகிறவன் ‘நிறுத்துங்க’, ‘பேப்பர் காட்டுங்க’, ‘வலை இருக்கா அண்ணே’ என்ற மூன்றையும் கற்றுக்கொண்டு வர வேண்டும். நடைமுறையில் அவனுக்குத் தமிழ்க் கூட்டாளிகள் முதலில் சொல்லித்தருவது கெட்ட வார்த்தையைத்தான். படகை நடத்தும் அறுபது வயதுத் தண்டலிடம் அவன் ‘டேய்’ என்று ஆரம்பிக்கும்போது அந்த ஒரு சொல்லே மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. ‘அண்ணே’ என்றால் கதவு திறக்கும் கரை இது.

படகில் ஏறியதும் பார்ப்பது: பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், அன்று கடலுக்குப் போக மீன்வளத் துறை தந்த டோக்கன், ஆளுக்கொரு அடையாள அட்டை. படகின் உடலில் எழுதிய பதிவெண், அதாவது ஐஎன்டி–டிஎன்–10–எம்எம் என்று தொடங்குவது, தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார்கள். டோக்கனில் ஆறு பேர், படகில் ஏழு பேர் என்றால் பேச்சு நீளும். ஐஸ் பெட்டியையும் மீன் அறையையும் கிளறுவது மீனைத் திருட என்று சிலர் நினைக்கிறார்கள். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது, அது ஒளிக்கப்படுவது பெரும்பாலும் அங்கேதான் என்பதால் கிளறுகிறார்கள். தாள்களை எல்லாம் ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் டிரைவர் அறையில் தொங்கவிட்டால் சோதனை சீக்கிரம் முடியும். நனைந்து ஒட்டிப்போன தாளைப் பிரித்துக் காட்டுவதில்தான் கோபம் வளர்கிறது.

தவறிப்போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2017 நவம்பரில் கோஸ்ட் கார்டு தங்களைச் சுட்டதாகவும், இந்தியில் பதில் சொல்லாததற்காக அடித்ததாகவும் ராமேஸ்வரம் மீனவர்கள் புகார் சொன்னார்கள். கோஸ்ட் கார்டு மறுத்தது. 2022 அக்டோபர் 21 அன்று பாக் விரிகுடாவில், எச்சரித்தும் நிற்கவில்லை என்று ஒரு விசைப்படகை நோக்கி இந்தியக் கடற்படைக் கப்பல் சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் படுகாயம் அடைந்தார். சுட்ட கடற்படையே அவரை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கரை சேர்த்தது. சொந்த நாட்டுப் படையின் குண்டு நம் ஆள் மேல் பாய்வதை ‘நடைமுறைப்படி’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. நிற்கச் சொன்னது எந்த மொழியில், எந்தச் சேனலில், எத்தனை முறை, மடி கடலில் இருந்ததா என்ற கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் வர வேண்டும்.

அதட்டல் எங்கே முடிந்து அத்துமீறல் எங்கே தொடங்குகிறது என்பதில் படைக்கே குழப்பம் கிடையாது. 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டத்தின்படி சண்டையிடுவதும், அடிப்பதும், வம்பு வளர்க்கும்படி இழித்துப் பேசுவதும் சைகை காட்டுவதும் குற்றம். அடிபட்டவர் படையைச் சேர்ந்தவரா வெளியாளா என்பது பொருட்டல்ல. குடிபோதையும் தனிக் குற்றம். தள்ளாடினால்தான் என்றில்லை, படைக்கு அவப்பெயர் வரும்படி நடந்தாலே போதும். இழிசொல் என்ன செய்யும் என்பது கடற்படைக்கு அதன் சொந்த வரலாற்றிலிருந்தே தெரியும். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் முகாம் மாலுமிகள் வேலையை நிறுத்தியதற்கு மோசமான சாப்பாடு ஒரு காரணம், வெள்ளை அதிகாரி தங்களை இழிவாகத் திட்டியது இன்னொரு காரணம். ஒரு சில நாளில் அது பல கப்பல்களுக்குப் பரவியது. கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்களே பொறுக்காத சொல்லை, எந்தக் கட்டளைக்கும் உட்படாத மீனவர் ஏன் பொறுக்க வேண்டும்?

புகார் கொடுக்கும்போது நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்வது ‘நேவிக்காரன் அடிச்சான்’. அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. சம்பவம் நடந்த உடனே ஜிபிஎஸ் கருவியில் அந்த இடத்தைக் குறியிட்டு வைக்க வேண்டும். கப்பலின் நிறம், முன்பக்க எழுத்தும் எண்ணும், நேரம், ஏறியவர்கள் எத்தனை பேர், வலை கடலில் இருந்ததா என்பதை அங்கேயே யாராவது ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். காயம் இருந்தால் கரைக்கு வந்த அன்றே அரசு மருத்துவமனையில் பதிவு செய்ய வேண்டும், மறுநாள் போனால் சந்தேகம் கிளப்புவார்கள். மரைன் போலீஸுக்கு 1093, கோஸ்ட் கார்டுக்கு 1554. எழுத்தில் மீன்வளத் துறைக்கும், கலெக்டர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். கரையில் மாலுமி ஒருவன் போதையில் வம்பு செய்தால் கூட்டம் சேர்த்து அடிப்பதைவிட, லோக்கல் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு முகாமின் ‘ரெகுலேட்டிங்’ அலுவலகத்துக்குத் தெரிவிப்பது வேகமாக வேலை செய்யும். படைக்குள் ஒழுங்கு பார்க்கும் பிரிவு அது. லிபர்ட்டி நிறுத்தம் என்ற சொல்லுக்கு மாலுமி பயப்படுவது போல வேறெதற்கும் பயப்பட மாட்டான்.

வாக்கி டாக்கிப் பேச்சிலும் ஒன்றைத் திருத்திக்கொள்ளலாம். ‘ஓவர்’ என்றால் நான் முடித்தேன், நீ பேசு. ‘அவுட்’ என்றால் பேச்சே முடிந்தது. சினிமாவில் வருவது போல இரண்டையும் சேர்த்துச் சொல்வது அபத்தம். சரியாகக் கேட்கவில்லை என்றால் ‘ரிப்பீட்’ வேண்டாம், ‘சே அகெய்ன்’ என்று கேட்க வேண்டும். பீரங்கிப் பேச்சில் ரிப்பீட்டுக்கு ‘மறுபடி சுடு’ என்று பொருள் இருப்பதால் படைக்காரர்கள் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். உயிராபத்து என்றால் ‘மேடே’ மூன்று முறை, பிறகு படகுப் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இந்த வரிசையைத் தமிழில் சொன்னாலும் போதும்.

பெண் கொடுக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ‘நேவி மாப்பிள்ளை’ என்று தரகர் சொன்னால் எந்த நேவி என்று கேளுங்கள். கடற்படையில் இருந்தால் படை அடையாள அட்டையும் பதவியும் உண்டு, முழுக்காலப் பணி என்றால் பென்ஷனும் உண்டு (நான்கு ஆண்டுக்குச் சேரும் அக்னிவீருக்குக் கிடையாது). மெர்ச்சன்ட் நேவி என்பது தனியார் கப்பல் வேலை, ஒப்பந்தம் சில மாதங்கள், கையில் சிடிசி என்ற கடற்பணிப் புத்தகம் இருக்கும், பென்ஷன் கிடையாது. இரண்டும் நல்ல வேலைதான், ஆனால் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பது ஏமாற்று. மெர்ச்சன்ட் நேவி வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் ஏஜென்டிடம், கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். வண்ணம் அடிப்பது, இஞ்சின் பார்ப்பது, வலை பொத்துவது எல்லாம் அப்போதுதான். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் ஒரு பகலை ஒதுக்கி, கோஸ்ட் கார்டும் கடற்படையும் ஒரு ரோந்துப் படகை ஜெட்டிக்குக் கொண்டுவந்து, ‘எல்’ கொடியையும் விளக்கையும் டிரைவர்களுக்கு நேரில் காட்ட வேண்டும். சங்கங்கள் பதிலுக்கு ஒரு இழுவைப் படகில் இளம் மாலுமிகளை ஏற்றி, மடி கிடக்கும்போது இஞ்சினை நிறுத்தினால் வயர் எங்கே போகிறது என்று காட்ட வேண்டும். ரோந்துக் குழு ஒவ்வொன்றிலும் தமிழ் பேசும் ஒருவரைப் போடச் சொல்லும் கோரிக்கையையும் அங்கேயே எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். ஜூன் 15 வடகடலில் படகுகள் இறங்குவதற்கு முன் இதைச் செய்ய நேரம் இருக்கிறது.